வேலைக்கு ஒரு சங்கம், வீட்டுக்கு ஒரு சங்கம்

தொழிலாளர்கள் பங்குத் தொகை போட்டு, வேலையைத் தாங்களே எடுத்துச் செய்து, கூலியையும் லாபத்தையும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் அமைப்பு தொழிலாளர் கூட்டுறவு. மனை வாங்கவும் வீடு கட்டவும் சேர்ந்தவர்களின் அமைப்பு கூட்டுறவு வீட்டுவசதி சங்கம். பேச்சு வழக்கில் ‘கட்டட சொசைட்டி’. முன்னது கூலிக்கு, பின்னது கூரைக்கு. வருமானம் நிலையாக இல்லாதவரால் வீட்டுத் தவணை கட்ட முடியாது. குடியிருப்பு நிலையாக இல்லாதவரால் கூலிக்குப் பேரம் பேச முடியாது. ஆகவே ஒரு சங்கத்தின் பலவீனம் மற்றதையும் பாதிக்கும். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை நீளும் வடசென்னைக் கரையின் மூன்று நூற்றாண்டு வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு.

அந்தக் கரையின் நடுப்பகுதியில், சென்னை–கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது மீஞ்சூர். தெற்கே அத்திப்பட்டும் எண்ணூரும் திருவொற்றியூரும். கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வடசென்னை அனல் மின் நிலையமும். வடக்கே பொன்னேரியின் நெல்வயல்கள். வடகிழக்கே பழவேற்காடு ஏரி. நெசவு, மீன்பிடிப்பு, வயல் வேலை, ஆலை வேலை என்று நான்கு வகை உழைப்பும் ஊரைச் சுற்றியே இருந்தன. ஒவ்வொன்றிலும் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. கயிற்றின் முனை யார் கையில் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

கம்பெனி வைத்த குடியிருப்பு

சென்னையின் ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்தவர் ஜோசப் காலட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். துணிக்கு நெசவாளர்கள் வேண்டும். அவர்களைத் திருவொற்றியூருக்கு அருகே குடியேற்றி ஒரு பேட்டையை அவர் உருவாக்கினார். சுமார் நூறு வீடுகள், சில கடைகள், ஒரு கோயில் என்று அது தொடங்கியது. காலட் பேட்டை என்ற பெயர் நாளடைவில் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. இன்றும் அந்த ஊருக்கு அதுதான் பெயர். 1734-ல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டையும் இதே நோக்கத்துடன் உருவானது.

நெசவாளருக்கு வீட்டுமனை, தறி வைக்க இடம், நூலுக்கு முன்பணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தன. வசதிதான். ஆனால் முன்பணம் வாங்கியவர் அந்தத் துணியை வேறு வியாபாரிக்கு விற்க முடியாது. விலையும் அவர் சொல்வதில்லை. வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கரையின் முதல் பாடம் காலடிப்பேட்டை.

பாடும் தலைக்கட்டும்

பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட முறை வேறு. ஏரியில் இறால் வரத்து உள்ள இடங்கள் சில. வலை கட்ட விரும்புவோர் பலர். எனவே ‘பாடு’ என்னும் முறை ஏற்பட்டது. எந்தக் குப்பம் எந்தப் பாட்டில் என்றைக்கு வலை கட்டுவது என்பது முறை வைத்தும் சீட்டுப் போட்டும் தீர்மானிக்கப்படும். பாட்டில் பங்கு பெற ஒருவர் தலைக்கட்டாக இருக்க வேண்டும். திருமணமாகித் தனிக் குடும்பம் வைத்து, குப்பத்துக்கு வரி கட்டும் ஆண் ஒரு தலைக்கட்டு.

குப்பத்தில் வீடு இருந்தால் ஏரியில் வேலை உண்டு. வேலையிலிருந்து வரும் வரி குப்பத்தின் கோயிலுக்கும் பொதுச் செலவுக்கும் திரும்புகிறது. எந்தச் சட்டத்தின் கீழும் பதிவு செய்யப்படாமலே குடியிருப்பும் தொழிலும் ஒன்றையொன்று தாங்கிய ஏற்பாடு இது. இதற்கும் குறை உண்டு. பெண்கள் தலைக்கட்டுக் கணக்கில் வருவதில்லை. பாட்டு உரிமை இல்லாத சாதியினரும், இருளர்களும், பின்னர் மீன்பிடிக்க வந்தவர்களும் வெளியே நின்றார்கள். ஒற்றுமையின் எல்லை குப்பத்தின் எல்லையோடு முடிந்தது.

சேரி நத்தமும் கூலியும்

பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மிராசு உரிமை வேரோடியிருந்த மாவட்டம் அது. வயலுக்கு மட்டுமன்றி, பண்ணையாட்கள் குடிசை போட்டிருந்த நத்தத்துக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினார். கூலி போதாது என்றோ, வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றோ சொன்னவரின் குடிசை நின்ற இடமே கேள்விக்குள்ளாகும். மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் அரசுக்கு எழுதிய அறிக்கை, பறையர் மக்களின் அடிமைநிலைக்குக் குடியிருப்பு மனை கையில் இல்லாததும் ஒரு காரணம் என்று எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டு பிறந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள்.

மனைக்கும் கூலிக்கும் உள்ள இந்த முடிச்சை அவிழ்க்கக் கூட்டுறவைப் பயன்படுத்தும் முயற்சி அடுத்த தலைமுறையில் தொடங்கியது. ஒடுக்கப்பட்டோர் நலனுக்காகச் சென்னை மாகாண அரசு 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையர் பதவியை ஏற்படுத்தியது. அந்தத் துறை குடியிருப்போரைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தது. நிலத்தைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்தது. சங்கத்துக்குக் கடன் கொடுத்து, உறுப்பினரிடமிருந்து தவணையாக வசூலித்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இத்தகைய சங்கங்கள் அதிகம். இவை வீட்டைக்கூடக் கட்டவில்லை. குடிசை நிற்கும் மண்ணை மட்டும் வாங்கின. அந்தச் சில சென்ட் மண்ணால் பண்ணையாளுக்குக் கிடைத்தது, வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை.

சட்டம் வந்த வழி

கூட்டுறவு என்ற வடிவம் இங்கே வந்ததில் இந்த வட்டாரத்துக்கும் பங்குண்டு. ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் சென்னை அரசுக்கு இரண்டு பகுதிகளாக அளித்த அறிக்கை, ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், நகரில் திருவல்லிக்கேணி கூட்டுறவு பண்டகசாலையும் தொடங்கின. பின்னர் மாகாணத்தின் மீன்வளப் பணியையும் நிக்கல்சனே கவனித்தார். அதன் தொடக்ககாலச் சோதனை நிலையம் ஒன்று எண்ணூரில் இருந்தது.

1904-ன் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே அனுமதித்தது. கடனல்லாத சங்கங்களுக்கு வழி திறந்தது 1912-ன் சட்டம். நெசவு, வீடு, ஒப்பந்த வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான் கூட்டுறவாக முடிந்தது. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கமாகவே பதிவாயின.

கூட்டுறவின் மூலக் கருத்து அப்படிப் பிரிந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ல் 28 பேர் தொடங்கிய பண்டகசாலைதான் உலகக் கூட்டுறவின் முன்னோடி என்று பாடநூல்கள் சொல்லும். அந்த 28 பேரில் நெசவாளர்களும் உண்டு. கடை திறப்பது அவர்கள் குறிக்கோள்களில் முதல் படி மட்டுமே. உறுப்பினருக்கு வீடு கட்டுவது, வேலையிழந்தவருக்கு வேலை தரப் பொருள் உற்பத்தி செய்வது, நிலம் வாங்குவது, தற்சார்பான குடியிருப்பு அமைப்பது, மற்றச் சங்கங்கள் அப்படி அமைக்க உதவுவது ஆகியவையும் பட்டியலில் இருந்தன. கடை வென்றது; மற்றவை பின்னுக்குப் போயின. கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்பதைச் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் கொள்கையாகச் சேர்த்தது 1966-ல்தான். இன்றைய ஏழு கொள்கைகளில் அது ஆறாவது.

வேலை மறுக்கப்பட்டவர்களின் சங்கம்

சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், வடகரை அருகே ஊராளுங்கலில் 1925-ல் ஒரு கூலித் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சாதிக் கட்டுகளை எதிர்த்த வாக்படானந்தரின் சீடர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை மறுத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் சேர்ந்து தாங்களே ஒப்பந்தம் எடுக்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் உறுப்பினர்கள் 14 பேர். சாலை, பாலம், கட்டடம் என்று வளர்ந்து, இன்று பல ஆயிரம் பேருக்கு வேலை தரும் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கமாக அது நிற்கிறது. தமிழ்நாட்டிலும் தொழிலாளர் ஒப்பந்தச் சங்கங்கள் பதிவாயின. ஊராளுங்கல் அளவுக்கு எதுவும் வளரவில்லை.

தறிக்குழி உள்ள வீடு

தமிழ்நாட்டில் வேலைச் சங்கமும் வீட்டுத் திட்டமும் உண்மையிலேயே கைகோத்த இடம் கைத்தறி. 1935-ல் நெசவாளர் கூட்டுறவுகளின் மாகாணச் சங்கமாகத் தொடங்கியது இன்றைய கோ-ஆப்டெக்ஸ். ஊர்தோறும் தொடக்கச் சங்கம் உறுப்பினருக்கு நூல் கொடுக்கும். துணியை வாங்கி நெய்கூலி கொடுக்கும். கோ-ஆப்டெக்ஸ் அந்தத் துணியை விற்கும். 1953-ல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்படி வரி விதிக்கப்பட்டு, அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கப்பட்டது. சங்கத்தில் சேர முடியாத ஏழை நெசவாளருக்குப் பங்குத் தொகையின் எட்டில் ஏழு பாகத்தை அரசு கடனாகக் கொடுத்தது. அதே நிதியிலிருந்து நெசவாளர் சங்கங்கள் மூலம் வீடு கட்டக் கடனும் மானியமும் வந்தன. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த எம்மிகனூரின் நெசவாளர் சங்கம் 1938-ல் மச்சானி சோமப்பாவின் முயற்சியில் தொடங்கியது. நெசவாளர் குடியிருப்புக்கும் அது பேர்பெற்றது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘நெசவாளர் காலனி’ என்ற தெருப்பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்தக் கால முயற்சிகளே.

நெசவாளருக்கு வீடு ஏன் தொழில் கருவியும்கூட என்பது குழித்தறியைப் பார்த்தால் விளங்கும். தரையில் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, அதன் விளிம்பில் நெசவாளர் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகைகளை மிதிப்பார். விழுது ஏறி இறங்கும். பாவு இரண்டாகப் பிரியும். நாடா குறுக்கே ஓடும். பக்கத்தில் வீட்டுப் பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். ஐப்பசி மழையில் தரை ஊறினால் குழியில் தண்ணீர் கசியும். அன்றோடு தறி நிற்கும். கூரை ஒழுகினால் பாவு கெடும். பாவுக்குக் கஞ்சி போட்டு நீட்டி ஆற்றவோ நீளமான, நேரான, நிழலுள்ள தெரு வேண்டும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று கோல் போட்டுச் சரிசெய்யும் வேலை ஒரு குடும்பத்தால் ஆவதில்லை. அண்டை வீட்டாரின் கையும் வேண்டும். ஆகவே நெசவாளர் காலனி என்பது வீடுகளின் வரிசை மட்டுமல்ல. தெருவும் சேர்ந்துதான் தொழிற்கூடம். இந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான் மத்திய அரசு 1985-86-ல் கொண்டுவந்த திட்டத்துக்குத் ‘தறிக்கூடத்துடன் கூடிய வீடு’ என்று பெயர் வைத்தது.

வேலைச் சங்கம் துணை நின்றதால் வீட்டுக் கடனும் எளிதானது. தவணையைத் தேடி யாரும் அலைய வேண்டாம்; நெய்கூலியிலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இதிலேயே ஒரு பொறியும் இருந்தது. நூல் வராமலோ துணி தேங்கியோ சங்கம் தடுமாறினால் கூலி நிற்கும். கூலி நின்றால் தவணையும் நிற்கும். வேலை கொடுப்பதும் கடன் வசூலிப்பதும் ஒரே சங்கமாக இருந்தால், ஒன்று சாயும்போது மற்றதும் சாயும். கூரையும் கூலியும் மீண்டும் ஒரே கையில் சேர்ந்த காலடிப்பேட்டைச் சிக்கல்தான் இது; கை மட்டும் உறுப்பினர்களுடையது.

ஆலைகளின் காலம்

சுதந்திரத்துக்குப் பின் வடசென்னையின் முகம் மாறியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, பின்னர் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்-பும் வந்தன. மணலியில் 1969-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லும், வடசென்னை அனல் மின் நிலையம் 1994-லும், எண்ணூர்த் துறைமுகம் 2001-லும் இயங்கத் தொடங்கின.

ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்கென்று மத்திய அரசு 1952-ல் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. மாநில அரசுகளும், முதலாளிகளும், தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் அதில் வீடு கட்டலாம். கூட்டுறவுகளுக்கு நான்கில் ஒரு பங்கு மானியமும் அதற்கு மேல் கடனும் உண்டு. இருந்தும் நாடு முழுவதும் அந்தத் திட்டத்தில் கூட்டுறவுகள் கட்டியது மிகச் சிறிய பங்கே. மிச்சத் தொகையை முன்கூட்டியே போடத் தொழிலாளரிடம் சேமிப்பு இல்லை; நகர்ப்புறத்தில் மனை விலை ஏறிக்கொண்டே போனது.

நிரந்தரத் தொழிலாளருக்கு வேறு வழி கிடைத்தது. ஆலைதோறும் அலுவலகந்தோறும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் இருந்தன. மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்து சேமிப்பும் கடனும் நடத்துவது இவற்றின் வேலை. மகள் திருமணம், மருத்துவச் செலவு, மனைக்கு முன்பணம் எல்லாவற்றுக்கும் இந்தச் சங்கமே கதி. பெரிய தொகைக்குக் கட்டட சொசைட்டி. மனைப் பத்திரத்தை அடமானம் வைத்து, எல்.ஐ.சி., ஹட்கோ போன்றவற்றிடமிருந்து கூட்டுறவு வீட்டுவசதி இணையம் வழியாக வரும் பணத்தைக் கடனாக வாங்கலாம். அடையாற்றில் காந்தி நகர் போன்ற குடியிருப்புகளைக் கூட்டுறவுச் சங்கமே உருவாக்கியது. அங்கே பயன்பெற்றவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர். வடக்கே, மின்சார ரயில் ஏறி ஷிப்டுக்குப் போய்வரும் தொழிலாளர்களுக்கு மீஞ்சூரும் பொன்னேரியும் மலிவான மனை கிடைக்கும் ஊர்களாயின.

ஆனால் சிக்கன நாணயச் சங்கம் தொழிலாளர் கூட்டுறவு ஆகாது. அதில் வேலை கூட்டாகச் செய்யப்படுவதில்லை. சம்பளத்தின் ஒரு பகுதிதான் கூட்டாகச் சேர்கிறது. வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் ஆலையின் கையிலேயே இருந்தது.

பிரிந்த துறைகள்

வேலைச் சங்கங்களும் வீட்டுச் சங்கங்களும் நெருங்காமல் போனதற்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் ஒன்றுதான்; 1961-ன் சட்டத்துக்குப் பதில் 1983-ல் புதியது இயற்றப்பட்டு, 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பதிவாளரின் அதிகாரம் பல துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நெசவாளர் சங்கம் கைத்தறித் துறையின் கீழ். தொழிற்கூட்டுறவு தொழில் வணிகத் துறையின் கீழ். மீனவர் சங்கம் மீன்வளத் துறையின் கீழ். வீட்டுவசதிக்கென்று தனிப் பதிவாளர். ஒரே தெருவில் வாழும் ஒரு குடும்பத்தின் மூன்று சங்கங்கள் மூன்று அலுவலகங்களுக்குக் கணக்குக் காட்டும். ஒரு சங்கத்தின் உபரியை இன்னொரு சங்கத்தில் நினைத்தபடி போட முடியாது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே முதலீடு.

உறுப்பினரின் கையிலிருந்து நிர்வாகமும் நழுவியது. 1976-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1996-ல் பரவலாகத் தேர்தல் நடக்கும்வரை நெடுங்காலம் தனி அலுவலர்களே சங்கங்களை நடத்தினார்கள். தமக்கென்று குரல் இல்லாத சங்கங்கள் பக்கத்துச் சங்கத்தோடு ஒப்பந்தம் பேசுவது எப்படி? கூட்டுறவு என்றால் உறுப்பினரின் சொத்து என்பது மறந்து, அரசு அலுவலகம் என்ற எண்ணம் மக்களிடம் பதிந்தது.

ஒப்பந்தத் தொழிலாளரும் பிற ஊர் வழிகளும்

இன்று எண்ணூர்–மீஞ்சூர் வட்டாரத்தில் துறைமுகம், அனல் மின் நிலையம், கிடங்கு எங்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பெருகியிருக்கிறார்கள். ஒப்பந்ததாரர் மாறினால் அவர்களின் சம்பளச் சீட்டிலுள்ள பெயரும் மாறும். வீட்டுக் கடன் கேட்டால் முதல் கேள்வி சம்பளச் சான்று. அங்கேயே கதவு மூடும். வேலைச் சங்கமும் வீட்டுச் சங்கமும் சேர வேண்டிய இடம் இதுதான்.

சேர்ந்தால் செயல்படும் விதம் சிக்கலானதன்று. தொழிலாளர்களே சங்கமாக ஒப்பந்தம் எடுத்தால், ஒப்பந்தம் மாறினாலும் சங்கம் மாறாது. அது தரும் வருமானச் சான்றும் பிணையும் வீட்டுவசதி சங்கத்துக்குப் போதும். வீட்டுவசதி சங்கம் கட்டும் வேலையையும் பராமரிப்பையும் கொத்தனார், தச்சர், எலெக்ட்ரீஷியன் சங்கங்களுக்குக் கொடுத்தால் அவற்றுக்குத் தொடர்ந்து வேலை. இரண்டும் தனித்தனிச் சங்கங்களாக இருப்பதால் ஒன்று தள்ளாடும்போது மற்றது தாங்கலாம். நெசவாளர் காலனியில் நேர்ந்தது நேராது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்ட இண்ட்கோசர்வ், ஹவுசிகாஸ் என்ற தொழிற்கூட்டுறவுகள் இருப்பதால் முதல் பாதிக்கு முன்மாதிரி உண்டு. எனினும் வேலை தருவது ஒரே நிறுவனம் என்னும்போது சங்கத்தின் பேரம் பேசும் வலிமைக்கு எல்லை உண்டு என்பதையும் அது காட்டுகிறது.

இரண்டாம் பாதிக்கு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் எடுத்துக்காட்டு. அங்கே பெண் பீடித் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தின் துணையோடு வீட்டுவசதிக் கூட்டுறவு அமைத்தார்கள். மத்திய, மாநில அரசுகளின் பங்கோடு கட்டிய 10,000 வீடுகள் 2006-ல் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக அமைப்புசாராத் தொழிலாளருக்கு 30,000 வீடுகள் திட்டமிடப்பட்டு, 2024 ஜனவரியில் 15,000 வீடுகள் கைமாறின. தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் 1968-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம் பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளுக்கு இடம் கொடுத்தது. குடும்பத்துக்கு வாரம் சுமார் 21 மணி நேர உழைப்பு என்ற கணக்கில் உறுப்பினர்களே கட்டினார்கள். 1970-ல் அவற்றின் கூட்டமைப்பு உருவானது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து வீடிழந்தோருக்குச் சுமார் 2,000 வீடுகள் கட்டிக் கொடுத்தன. கடன் சங்கத்தின் பணம் வேறொருவரின் கூரையானது அங்கே.

கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 2011-ன் 97-வது அரசமைப்புத் திருத்தத்தால் அடிப்படை உரிமைகளில் ஒன்றானது. ஒன்றுக்கொன்று உதவுவது கூட்டுறவின் ஆறாவது கொள்கை. கொள்கையும் உரிமையும் ஏட்டில் இருக்க, மீஞ்சூரில் நிலைமை இதுதான்: சம்பளச் சீட்டு உள்ளவருக்குச் சொந்த மனை, ஒப்பந்தக் கூலிக்கு வாடகை அறை. மூன்று நூற்றாண்டுகளில் கம்பெனியும் மிராசுதாரரும் ஆலையும் மாறி மாறி வந்தார்கள். கூரையைக் கூலி கொடுப்பவரிடமிருந்து பிரித்தெடுத்த இடங்களில் மட்டுமே தொழிலாளி நிமிர்ந்தார்.